லெவலும் மறையாத குறிப்புகளும்

கோலார் தங்க வயலில் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை என்று வாழ்கிற மனிதர் ஒருவர்தான்: எங்கள் லெவல். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாலும், சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் மாதிரி, "எந்த லெவல்ல கேக்குறீங்க, டிபனா, சாப்பாடா?" என்பார். சுரங்கத்தில் ஒவ்வொரு ஆழத்துத் தளமும் ஒரு லெவல்; பெயர் அப்படி வந்தது.

கோரமண்டல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மேரி மேடம் நடத்தும் சின்ன அலுவலகத்தில் நாங்கள் வேலை செய்கிறோம். பதிப்பகங்கள் அனுப்பும் புத்தகங்களை வலைப்பக்கங்களாக மாற்றுவது தொழில். அதற்கான மொழி எக்ஸ்எஸ்எல்டி. தலைப்பைக் கண்டால் இப்படிச் செய், பத்தியைக் கண்டால் அப்படிச் செய் என்று விதிகள் எழுத வேண்டும். நான் முகவுரை, அத்தியாயம், பத்தி, குறிப்பு என்று ஒழுங்காக வரிசைப்படுத்துவேன். லெவல் கண்டபடி எழுதி வைப்பார்.

"ஏங்க, இதுக்கு ஒரு வரிசை வேணாமா?"

"சுரங்கத்துல ஆள் ஏத்தி இறக்குற கூண்டு, அந்தக் கேஜ், ஷாஃப்ட் குழிக்குள்ள இறங்குது சார். எந்த லெவல்ல நிக்குதோ அங்க இருக்குற ஆளுதான் வருவான். ரிஜிஸ்டர்ல யார் பேரு முதல்ல இருக்குன்னு கேஜ் பாக்குமா? புத்தகம்தான் ஷாஃப்ட். வரிசை அதுல இருக்கு, உங்க விதியில இல்ல."

சரியான பதில்தான். அதனால் எரிச்சல் குறையவில்லை.

வாழ்க்கையையும் அவர் அப்படியே நடத்தினார். மேடம், "எல்லாரும் டீ எடுத்துக்கோங்க" என்றால் தொட மாட்டார். "அது பொது விதி மேடம். காலைல எனக்குன்னு சொன்னீங்க, 'லெவல், டீய குறைச்சுக்கோ'ன்னு. குறிப்பா சொன்னதுதான் நிக்கும்."

"அப்ப எடுக்காத!"

"இப்ப சொன்னதும் குறிப்பாத்தான் இருக்கு" என்று தலையாட்டுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பாடப்புத்தகம் மாலைக்குள் போக வேண்டியிருந்தது. போகாவிட்டால் அந்தப் பதிப்பகம் விலகிவிடும். அது விலகினால் அலுவலகம் மூடப்படும். நாங்கள் எல்லோரும் மறுபடி வேலைக்காகத் தினமும் பெங்களூர் ரயிலில் தொங்க வேண்டும். மதியம் பார்த்தால், சரிபார்த்தவர் தனக்காக எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம் சாய்ந்த எழுத்தில் வலைப்பக்கத்தில் நிற்கின்றன. "இதை எழுதியவர் தூங்கிக்கொண்டே எழுதியிருக்கிறார்" என்பது அவற்றில் ஒன்று.

'குறிப்பைக் கண்டால் ஒன்றும் எழுதாதே' என்று ஒரு விதியை மேலே போட்டேன். மறையவில்லை. அதையே கோப்பின் அடியில் போட்டேன். அப்போதும் மறையவில்லை.

"கடைசில இருக்குறதுதானே ஜெயிக்கணும்?" என்று கத்தினேன்.

லெவல் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார். "குறிப்பு எந்த லெவல்ல இருக்கு?"

"ஐயோ லெவல், இப்ப இது வேணுமா?" என்று மேடம் தலையில் கைவைத்தார்.

"இதுதான் மேடம் வேணும். பழைய புத்தகத்துக்கு எழுதின விதி ஒண்ணு இங்கயே கெடக்கு. 'அத்தியாயத்துக்குள்ள இருக்குற குறிப்பைச் சாய்ச்சு எழுது'ன்னு. சார் எழுதினது வெறும் 'குறிப்பு'. எது இன்னும் குறிப்பா சொல்லுதோ, அதுதான் ஜெயிக்கும். ரெண்டும் சமமா இருந்தாத்தான் கடைசில இருக்குறவன் பேச்சு எடுபடும்."

"அத மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றேன்.

"நீங்க என்னை எங்க கேட்டீங்க?"

அடியில் இருந்த என் விதியை 'அத்தியாயத்துக்குள் இருக்கும் குறிப்பு' என்று திருத்தினேன். தூங்கி எழுதியவர் மறைந்தார். கோப்பு நேரத்துக்குப் போனது. திங்கட்கிழமை காலை மேடத்துக்குப் பதில் வந்தது: அடுத்த புத்தகமும் எங்களுக்குத்தான்.

அதைச் சொல்ல ஸ்டேஷன் டீக்கடையில் லெவலைப் பிடித்தேன். பெங்களூர் ரயில் நாங்கள் இல்லாமல் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் சந்தோஷப்படவில்லை.

"வெள்ளிக்கிழமை பண்ணது அரைகுறை வேலை சார். சமமா விட்டிருக்கக் கூடாது. எந்த விதி முந்தணும்னு முன்னுரிமை நம்பர் போட்டிருக்கணும். ஏன்னு சொல்றேன், கேளுங்க..."

எனக்கு நிறைய வேலை இருந்தது. இன்னொரு டீ சொல்லிவிட்டு, பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.