துர்வாசரின் தாடியும் என் வீட்டு அண்டாவும்

ஆம்பூர்,
ஆங்கீரச வருஷம், மாசி மாதம் 14-ந் தேதி.

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் துரைசாமி அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தங்கை அமிர்தவள்ளியின் புருஷனும் தோல் மண்டிக் குமாஸ்தாவுமான சுந்தரமூர்த்தி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்ட லிகிதம். இவ்விடம் நான் ஒருவன் மட்டுமே இருப்பதால் யாவரும் சுகம் என்று எழுத வழியில்லை. என் மோவாயைத் தவிர மற்றதெல்லாம் சுகம். வாலாஜாபேட்டையில் தாங்களும் அத்தையும் குழந்தைகளும், முக்கியமாக அமிர்தவள்ளியும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தாங்கள் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்க வேண்டும். அவள் சமையலறையில் இருந்தாலும் காதில் விழும்படி படிக்க வேண்டும்.

ஐப்பசி மாதம் அவள் பெட்டியோடு அங்கே வந்து இறங்கியபோது என்ன சொன்னாளோ எனக்குத் தெரியாது. நடந்தது இதுதான். கல்யாணத்துக்குத் தாங்கள் வேலூர் லாங் பஜாரில் தேடித் தேடி வாங்கி, விளிம்பில் அவள் பெயரையும் வெட்டிக் கொடுத்த பித்தளை அண்டாவை, எங்கள் மண்டியின் பெரிய குமாஸ்தா ராமலிங்கம் தன் பிள்ளைக்குக் காது குத்தும்போது இரவல் வாங்கிப் போனார். மூன்று வருஷம் ஆகிறது. அமிர்தவள்ளி சொல்லிச் சொல்லி நானும் மாதம் ஒரு முறை அவர் வாசலுக்குப் போவேன். "இன்னா சுந்தரமூர்த்தி, இன்னா விஷயம்?" என்பார். "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவேன். கடைசியில் அவளே ஒருநாள் மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ளும் சாக்கில் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். கொல்லையில் அவர் வீட்டு எருமை நம் அண்டாவில் கழுநீர் குடித்துக்கொண்டிருந்ததாம். வீட்டுக்கு வந்தவள் என்னிடம் சத்தம்கூடப் போடவில்லை. "என்னிக்கு நாலு பேர் எதிர்ல வாயத் தொறந்து அந்த ஆளக் கேக்கறீங்களோ, என்னிக்கு அண்டா வீட்டுக்கு வருதோ, அன்னிக்குக் காயிதம் போடுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான்கு மாதமாக நானே சோறு வடிக்கிறேன். சோற்றைவிட அவள் சண்டை போடாத வீடுதான் தொண்டையில் இறங்கவில்லை.

இப்படி இருக்கையில், எங்கள் மண்டிச் சிப்பந்திகள் சேர்ந்து அம்பரீஷ ராஜா நாடகம் போடுவதென்று தீர்மானமாயிற்று. துர்வாச மகரிஷியின் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. ஏகாதசி விரதம் முடித்த அம்பரீஷ ராஜா, விருந்தாளியாக வந்த துர்வாசர் குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு வாய் தீர்த்தம் குடித்துவிடுகிறார். மகரிஷிக்குக் கோபம் வந்து, ஜடையில் ஒரு முடியைப் பிய்த்துப் போட்டுப் பூதத்தை ஏவுகிறார். பெருமாளின் சக்கரம் பூதத்தைக் கொன்றுவிட்டு ரிஷியை மூன்று லோகமும் துரத்த, கடைசியில் அவர் ராஜாவின் காலிலேயே வந்து விழுகிறார். ராமலிங்கம் ராஜா வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டார். துர்வாசருக்கு யார் என்று கேட்டபோது, "நம்ம சுந்தரமூர்த்தி இருக்காரே, கால்ல விழறது அவருக்குப் புதுசா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஒத்திகையில் எனக்குக் கோபம் வரவேயில்லை. ஆர்மோனியம் வாசித்து, வசனமும் சொல்லிக்கொடுத்த தேவசகாயம் தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னா சார் இது, சாபம் குடுக்கச் சொன்னா லீவு லெட்டர் குடுக்கற மாதிரி குடுக்கறீங்க?" என்றான். நான் என்ன செய்வேன்? ராமலிங்கத்தின் முகத்தைப் பார்த்ததும் பதினான்கு வருஷப் பழக்கத்தில் கை தானாகக் குவிந்துவிடுகிறது.

அடுத்தது தாடி. மெட்ராஸிலிருந்து தருவித்தால் செலவு ஜாஸ்தி என்று, எங்கள் மண்டியில் சுண்ணாம்புத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அஹமது பாஷாவிடம் சொன்னோம். தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிரைச் சுரண்டி எடுப்பது அவர் பொறுப்பு என்பதால், ஆட்டு மயிருக்குப் பஞ்சமில்லை. நெஞ்சு வரை தொங்கும் வெள்ளைத் தாடியும் தலைக்கு ஜடையும் தயார் செய்து கொண்டுவந்தார். பார்க்க அசல் துர்வாசர்தான். மோந்து பார்த்தால் அசல் வெள்ளாடு. "நல்லாக் கழுவினீங்களா பாஷா?" என்று கேட்டேன். "ஒரு தண்ணி அலசினேன் சார். பாலாறு காஞ்சு கெடக்கு, கெணத்துலயும் தண்ணி கம்மி, இதுக்கு மேல எங்க போயி அலசறது? ஒண்ணும் பேஜார் இல்ல, தெகிரியமாக் கட்டுங்க" என்றார். தாடி நழுவக் கூடாதென்று தேவசகாயம் வேலம்பிசினைக் காய்ச்சி என் தாடை முழுவதும் தடவி ஒட்டிவிட்டான்.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நாடகம். முன்வரிசையில் மண்டி முதலாளி, பக்கத்து மண்டிக்காரர்கள், பின்னால் நானூறு பேருக்குக் குறையாது. தகரக் கொட்டகையின் சூட்டில் எனக்கு வேர்த்தது. வேர்வை தாடிக்குள் இறங்கியது. தாடிக்குள் இருந்த சுண்ணாம்பு விழித்துக்கொண்டது. முதலில் அரிப்புதான். பிறகு எரிச்சல். பிறகு யாரோ என் மோவாயை அடுப்பில் வைத்துவிட்டார்கள். பிய்க்கலாமென்றால் பிசின் விடவில்லை. திரைக்குப் பின்னால் தண்ணீர் தேடினேன், பானை காலி. அப்போது என் முறை வந்து மேடையில் தள்ளிவிட்டார்கள். அங்கே என்ன பார்த்தேன் தெரியுமா மச்சான்? அந்தக் கொட்டகையிலேயே மிச்சமிருந்த ஒரே ஒரு செம்புத் தண்ணீரை ராமலிங்கம் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வாய்க்குப் பதில், ராகம் இழுத்து இழுத்து மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"டேய்!" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன முதல் 'டேய்' அது. கொட்டகை கிடுகிடுத்தது. "வந்தவன் இங்க எரிஞ்சு சாவறேன், நீ மட்டும் தண்ணி குடிக்கறியா? நீயெல்லாம் ஒரு ராஜாவாடா?" என்று கத்தினேன். சனங்கள் கைதட்டினார்கள். வாயைத் திறந்தது திறந்தாயிற்று, பதினான்கு வருஷத்ததும் வரிசையாக வந்தது. "என் பொண்டாட்டி அண்டா எங்கடா? அமிர்தவள்ளி பேரு போட்ட அண்டாவுல எருமைக்குக் கழுநீர் வெச்சவனே! நாளைக்குப் பொழுது விடியறதுக்குள்ள அண்டா என் வீட்டு வாசலுக்கு வரணும், இல்லன்னா உன் குலமே பஸ்மம்!" என்றேன். ராமலிங்கத்தின் கிரீடம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. "சார், இது வசனத்துல இல்லியே சார்" என்று முணுமுணுத்தார். என்னை அவர் சார் என்றது அதுவே முதல் தடவை. ஜரிகைக் காகிதம் ஒட்டிய மூங்கில் சக்கரம் என்னைத் துரத்துவதற்காகக் கயிற்றில் வந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு நான் ராஜாவைத் துரத்தினேன். சிம்மாசனத்தை மூன்று சுற்றுச் சுற்றினோம். "வந்துடும் சார், அண்டா வந்துடும், பெருமாள் சத்தியமா வந்துடும்!" என்று நானூறு பேர் சாட்சியாக அவர் அலறியபோது செம்பு கை நழுவி அவர் காலடியிலேயே விழுந்தது. இரண்டு மடக்குத் தண்ணீர் மிச்சம் தெரிந்தது. நான் அவர் காலடியில் சாஷ்டாங்கமாக விழுந்து, செம்புக்குள் மோவாயை விட்டேன். துர்வாசர் அம்பரீஷன் காலில் விழுந்துவிட்டதால் கதை சரியாக முடிந்ததென்று தேவசகாயம் மங்களம் வாசித்துத் திரையை இறக்கிவிட்டான்.

முதலாளி மேடையேறி எனக்குச் சால்வை போர்த்தினார். "சபாஷ்! கோபம்னா இதான் கோபம்" என்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று, கைவண்டியில் அண்டா வந்து இறங்கியது. அமிர்தவள்ளி என்ற எழுத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, சுண்ணாம்பினால் அல்ல. இப்போது மண்டியில் நான் நுழைந்தால் ராமலிங்கம் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார். தெருவில் சனங்கள் எனக்கு வழி விடுகிறார்கள். ஆகவே தங்கள் தங்கை விதித்த இரண்டு நிபந்தனைகளும் பரிபூரணமாக நிறைவேறிவிட்டன என்று தலைநிமிர்ந்து எழுதுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை வாலாஜா ரோடில் ரயில் ஏற்றிவிட்டால், ஆம்பூர் ஸ்டேஷனில் சால்வையோடு காத்திருப்பேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், அதில் இனிமேல் கொஞ்சம் தபோபலமும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
சுந்தரமூர்த்தி.

பின்குறிப்பு: மேற்கண்டதை எழுதி ஒட்டப்போகும் சமயம் ராமலிங்கம் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். வெள்ளிக்கிழமை அவர் மகளுக்கு வளைகாப்பாம். "அண்டா ஒண்ணு வேணும் சார். சாமி மாதிரி நீங்க, மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்றார். இரண்டு தரம் சார் என்றார். நானே கைவண்டியில் ஏற்றிக் கயிறும் கட்டிக் கொடுத்தேன். ஆகையால் தாங்கள் இதுவரை உரக்கப் படித்திருந்தால், இந்த இடத்திலிருந்து மனதுக்குள் படிக்கவும். அமிர்தவள்ளியை இந்த வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம். பங்குனியில் மறுபடி நாடகம் போட ஏற்பாடு செய்கிறேன். அஹமது பாஷாவிடம் புதுத் தாடிக்குச் சொல்லியாகிவிட்டது. இந்தத் தடவை அந்த ஒரு தண்ணீர்கூட அலச வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.