முந்நூறு கிலோமீட்டர் பொறுமை

வண்டி இருமியது.

ஒரு தடவையோடு நின்றிருந்தால் நூலகர் பொறுத்திருப்பார். வீட்டிலிருந்து நூலகத்துக்கு நான்கே தெரு. அந்த நான்கு தெருவுக்குள் பதினோரு தடவை இருமி, கடைசியில் நூலகப் படிக்கட்டுக்கு நேர் எதிரே, பத்துப் பேர் பார்த்திருக்க, பின்புறமாக ஒரு வெடியும் வெடித்து, அது மூச்சடங்கி நின்றது.

இருபத்திரண்டு ஆண்டுகளாக விரலை உதட்டின்மேல் வைத்துப் பிறரை அடக்கியவர் அவர். ஊரார் அவரை 'உஷ் சார்' என்றே அழைத்தார்கள். படிக்கட்டில் நின்ற நாளிதழ் வாசகர் ஒருவர் அமைதியாக விரலை உதட்டில் வைத்து, வண்டியை நோக்கி, "உஷ்" என்றார்.

பத்துப் பேரும் சிரித்தார்கள். நூலகருக்கு உச்சந்தலை கொதித்தது.

அவர் செய்த குற்றந்தான் என்ன? போன மாதம் தம் மோட்டார் சைக்கிளின் பழைய சைலன்சரைக் கழற்றி எறிந்து, நீண்டு பருத்துப் பளபளக்கும் புதிய குழல் ஒன்றை மாட்டினார். காற்று உள்ளே புகும் வழியையும் அகலமாக்கினார். நாளெல்லாம் மௌன விரதம் காக்கும் ஓர் ஆத்மா காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் முழங்கக் கூடாதா? சங்கநாதம்போல ஒலி எழும் என்று நம்பினார். எழுந்ததோ காசநோய்.

மேலும் ஒன்று உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வீட்டில் அவர் சொல்லுக்குக் கட்டுப்படும் ஒரே ஜீவன் அந்த வண்டிதான். இடப்பக்கம் சாய் என்றால் சாயும். நில் என்றால் நிற்கும். அதனாலேயே அதை வேறு எவர் கையிலும் கொடுப்பதில்லை என்று சபதம் செய்திருந்தார். மனைவியார் ஓட்டுநர் உரிமம் பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும், இரண்டு பேருந்து மாறி, இருபத்திரண்டு கிலோமீட்டர் நின்றுகொண்டே போய் வேலை பார்த்துவந்தார். மூன்று முறை வண்டியைக் கேட்டிருந்தார். "இதோட கனம் உனக்குத் தாங்காது" என்று மூன்று முறையும் விடை கிடைத்தது.

அன்று மாலை அம்மையார் வீடு திரும்பியபோது, நூலகர் ஜன்னலோர நாற்காலியில் சூறாவளிபோல் அமர்ந்திருந்தார்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"வண்டி இருமுது."

"இருமாம என்ன செய்யும்? மூக்கையும் பெரிசாக்கிட்டீங்க, வாயையும் பெரிசாக்கிட்டீங்க. சாப்பாடு மட்டும் பழைய அளவுதான் போடுறீங்க."

நூலகர் திடுக்கிட்டார். அன்று பகல் மெக்கானிக் அரைமணி நேரம் விளக்கியதன் சாரமே அதுதான். காற்று மிகுதியாக உள்ளே போகிறது. புகை தாராளமாக வெளியே போகிறது. பெட்ரோல் மட்டும் முன்போலவே சொட்டுகிறது. அளவு திரிந்தால் எஞ்சின் திணறும். பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும்படி எஞ்சினுக்கு உத்தரவிட ஒரு சிறு பெட்டி வேண்டும். அதற்கு ட்யூனர் என்று பெயர்.

"உனக்கு யார் சொன்னது இதெல்லாம்?"

"மெக்கானிக் தம்பிதான். போன வாரம் கண்ணைக் காட்ட வந்திருந்தாரு. கிட்டத்துல எழுத்து தெரியலையாம். கண்ணாடி எழுதிக் குடுத்தேன்."

"என் வண்டியைப் பத்தி ஆஸ்பத்திரில பேச்சா!"

"சும்மா பேச்சுவாக்குல வந்துச்சுங்க. எத்தனை விதப் பெட்டி இருக்காம்?"

"மூணு," என்றார் நூலகர், மும்மலங்களை எண்ணுபவர்போல விரல்களை மடக்கி.

இங்கே அம்மையாரின் தொழிலைப் பற்றி ஒரு சொல். கண் மருத்துவமனையில் பார்வையின் அளவை நிர்ணயிப்பவர் அவர். வருபவரை நாற்காலியில் அமர்த்தி, மூக்கின்மேல் கனத்த சட்டம் ஒன்றை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். எந்த வில்லை பொருந்தும் என்பது, முன்பே இயந்திரத்தில் பார்த்ததால், அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்பார். வந்தவர் தாமே தேர்ந்தெடுத்த பெருமிதத்தோடு எழுந்து போவார். பத்தொன்பது ஆண்டு இல்லறத்தில் அந்த நாற்காலியில் தாமும் அமர்ந்திருக்கிறோம் என்பது நூலகருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"உங்களுக்கு மொதோ பெட்டியே போதும்ங்க," என்றார் அம்மையார். "கம்பெனிக்காரங்க எழுதி வச்சிருப்பாங்க. மாட்டினோமா, ஓட்டினோமான்னு இருக்கலாம்."

"எவனோ எங்கேயோ உக்காந்து எழுதினதுக்கு என் வண்டி ஆடணுமா?"

"அப்ப ரெண்டாவது. வண்டியை உருளைமேல நிறுத்தி, மெக்கானிக் தம்பியே பாத்து எழுதுவாரு. பத்து நாள் அங்க விடணுமாம்."

"பத்து நாளா! என் வண்டிக்கு அவன் தலையெழுத்து எழுதுவானாம், நான் நடந்து போகணுமாம்!"

"அப்படின்னா மொதோ பெட்டியே..."

"மூணாவதைச் சொல்லு!"

அம்மையார் சற்றுத் தயங்கினார். அந்தத் தயக்கம் பயிற்சியில் விளைந்தது.

"அது வேணாம்ங்க. அது தானாவே கத்துக்குற பெட்டி. நாம ஓட்ட ஓட்டப் புகையை மோந்து பாத்து அதுவே திருத்திக்குமாம். ஆனா ஓட்டுறவங்களுக்கு ரொம்பப் பொறுமை வேணுமாம். உங்களுக்கு எதுக்கு அந்த வம்பு?"

"எனக்குப் பொறுமை இல்லையா?" நூலகர் எழுந்தே விட்டார். "இருபத்திரெண்டு வருஷமா ஒரு கட்டடத்தையே உஷ்ஷுன்னு உக்கார வச்சவன் நான். எனக்கா பொறுமை இல்ல? மூணாவதுதான்! முடிவு பண்ணியாச்சு! இதுல நீ தலையிடாத!"

"சரிங்க. உங்க இஷ்டம்," என்று அம்மையார் கைகால் கழுவப் போனார்.

பெட்டி பொருத்தப்பட்டது. மெக்கானிக் புதிய கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உபதேசித்தார்.

"சார், இதுக்குள்ள கட்டம் கட்டமா இருக்கு. நீங்க எவ்வளவு முறுக்குறீங்க, எஞ்சின் எவ்வளவு வேகமாச் சுத்துது, ரெண்டும் சேர்ற இடத்துல ஒரு கட்டம். வண்டி எந்தக் கட்டத்துக்குப் போகுதோ, அங்க பெட்ரோல் எவ்வளவுன்னு எழுதிக்கும். போகாத கட்டத்துல பழைய அளவுதான்."

"நூலக அலமாரி மாதிரின்னு சொல்லு!"

"அதேதான் சார். முந்நூறு கிலோமீட்டர் ஒரே சீரா ஓட்டுங்க. எஞ்சின் நல்லாச் சூடான பிறகுதான் எழுத ஆரம்பிக்கும், அதை மட்டும் மறந்துடாதீங்க."

அலமாரியின் அழகில் மயங்கிய நூலகர் கடைசி வாக்கியத்தைக் கேட்கவில்லை. எட்டு நாள் பக்தியோடு ஓட்டினார். அதற்குமேல் பொறுக்காமல் எட்டாம் நாள் மாலை பட்டறைக்குப் போனார்; மெக்கானிக் பெட்டியைக் கணினியில் இணைத்து, வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"சார், ஒரு கட்டம்கூட எழுதல."

"என்னய்யா அக்கிரமம் இது! எட்டு நாள் ஓட்டியிருக்கேன்!"

"எட்டு நாளும் சூடாகறதுக்குள்ள நூலகம் வந்துடுச்சு சார். பள்ளிக்கூட வாசலைத் தொட்டுட்டுத் திரும்பி வந்தா பாடம் ஏறுமா?"

நான்கு தெருவுக்கு அப்பால் நூலகம் கட்டியவர்களை நூலகர் வாய்க்குள் சபித்தார். ஞாயிற்றுக்கிழமை புறவழிச்சாலைக்குச் சென்று, ஒரே மூச்சில் கல்வியை முடித்துவிடுவது என்று தீர்மானித்தார். முதல் இருபது நிமிடம் சீராகவே போயிற்று. எஞ்சின் சூடேறியது. பெட்டி எழுதத் தொடங்கியிருக்கும். அப்போது பின்னால் ஒரு ரொட்டி வேன் வந்தது. வந்தது மட்டுமா? அவரை முந்தியது! சங்கநாதம் பூண்ட ஒருவரை, ரொட்டி முந்துவதா? முறுக்கினார். வண்டி இருமியது. விட்டார். வெடித்தது. மீண்டும் முறுக்கினார். இவ்வாறு அவரும் ரொட்டி வேனும் எழுபது கிலோமீட்டர் போரிட்டு, முடிவில் ரொட்டி வென்றது.

திங்கட்கிழமை மெக்கானிக் கணினியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்ன சார் பண்ணீங்க? ஒரு கட்டத்துல வெள்ளம், பக்கத்துக் கட்டத்துல வறட்சி. மொத்தத்தையும் அழிச்சிட்டேன். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

அன்று பிற்பகல், நூலகத்தின் அமைதியில், நூலகருக்கு ஞானோதயம் ஆயிற்று. மனைவி வேலைக்குப் போக இருபத்திரண்டு கிலோமீட்டர், வர இருபத்திரண்டு. ஆக நாற்பத்து நான்கு. ஏழு வேலைநாள் என்றால் முந்நூற்றெட்டு. தவம் அவளுடையது, வரம் தம்முடையது! இத்தனை எளிய தந்திரம் இதுவரை தோன்றாமற்போனதே என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். வாசகர்கள் அத்தனை பேரும் அவரைப் பார்த்து "உஷ்" என்றார்கள்.

மாலையில் அருள் பாலிப்பவர்போல ஆரம்பித்தார்.

"நாளையிலேர்ந்து ஒரு வாரம் நீ வண்டியை எடுத்துட்டுப் போ."

"எனக்கு எதுக்குங்க? பஸ் பழகிடுச்சு."

"நான் சொல்றேன்ல, எடுத்துட்டுப் போ."

"கனம் தாங்காதுன்னீங்க."

"அது... அப்ப சொன்னது. இப்பத் தாங்கும்."

"வேணாம்ங்க. உங்க உசுரு அது. நான் ஏதாச்சும் தப்பாக் கத்துக்குடுத்துட்டேன்னா?"

"தப்பா வராது. நீ நிதானக்காரி."

"நாளைக்கு நீங்களே என்மேல கத்துவீங்க."

"கத்தமாட்டேன்மா. தயவுபண்ணி ஓட்டேன்!"

ஆறு ஆண்டுகளாக மறுத்த ஒன்றை ஏற்றுக்கொள்ளும்படி, நூலகர் தம் வாயால் கெஞ்சினார். அம்மையார் மனமிரங்கினார். ஆனாலும் எசமானத் தன்மையை முற்றிலும் விட்டுவிட நூலகரால் இயலவில்லை. ஒரு நிபந்தனை விதித்தார்.

"நாப்பத்தஞ்சுக்கு மேல முள்ளு ஒரு கோடுகூடப் போகக் கூடாது. சட்டுனு முறுக்கவும் கூடாது. தெரிஞ்சுதா?"

"நாப்பத்தஞ்சா? சரிங்க. நீங்க சொன்னா அப்படியே," என்றார் அம்மையார், இத்தனை ஆண்டுகளில் கேட்டறியாத பணிவோடு.

ஏழு வேலைநாள் கழிந்தன. நூலகர் நடந்து போனார். நடையில் வெற்றி இருந்தது. எட்டாம் நாள் மெக்கானிக் கணினியைப் பார்த்துக் கைகூப்பாத குறையாகப் பேசினார்.

"தங்கம் சார்! இப்படி ஒரு சீர் நான் பாத்ததே இல்ல. எழுத்து மாறாம பூட்டிட்டேன்."

நூலகர் ஏறினார். தெருமுனைவரை வண்டி வெண்ணெயாய் வழுக்கியது. கண் கசிந்தது. புறவழிச்சாலைக்குத் திருப்பி, ஐம்பதைத் தொட்டு, ஆவலோடு முறுக்கினார்.

வண்டி இருமியது.

ஐந்து நிமிடத்தில் பட்டறையில் நின்றார். குரல் நான்கு தெருவுக்குக் கேட்டது.

"மோசடி! பகல் மோசடி! நாப்பத்தஞ்சு வரைக்கும் பூனை மாதிரிப் போகுது; அதுக்கு மேல பழைய கிழமாயிடுது!"

"ஆமாம் சார். அந்தக் கட்டத்துக்கெல்லாம் அக்கா போகவே இல்லையே. அங்க எல்லாம் பழைய அளவுதான்."

"ஏன் போகல?"

"நீங்கதான் போகக் கூடாதுன்னீங்களாமே?"

நூலகர் கணினியைச் சுட்டிக் கர்ஜித்தார்.

"அழிச்சிடு! எல்லாத்தையும் அழி! மறுபடி கத்துக்குடுப்போம்!"

"அழிக்கலாம் சார். ஆனா முந்நூறு கிலோமீட்டர் யாரு ஓட்டுறது? நாலு தெருவுல நீங்க சூடாவீங்களே ஒழிய, எஞ்சின் சூடாகாது. அக்கா ரூட்டுதான் இந்தப் பெட்டிக்கு லாயக்கு. கண்ணாடி வாங்க வந்தப்பவே அக்கா கேட்டாங்க சார், மூணுல எந்தப் பெட்டிக்குத் தூரமா ஓட்டணும்னு."

அழித்தால், மறுபடி கற்றுக்கொடுக்க வண்டி அவளிடம்; அழிக்காவிட்டாலும், அவள் நிதானத்துக்கு மட்டுமே இருமாமல் ஓடும் வண்டி அவளிடமே. நூலகர் பட்டறை முக்காலியில் அமர்ந்தார். எழுந்தார். மறுபடி அமர்ந்தார். மூன்றாம் பெட்டியை யார் தேர்ந்தெடுத்தது? அவரே. வண்டியை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியது? அவரே. நாற்பத்தைந்து? ஐயோ, அதுவும் அவரே! குற்றம் சாட்ட ஒரு முகம் தேடினார். எதிரே வண்டிக் கண்ணாடியில் தம் முகந்தான் இருந்தது.

மறுநாள் காலை ஏழேமுக்காலுக்கு அம்மையார் தலைக்கவசம் மாட்டி, வண்டியைக் கிளப்பினார். நூலகம் திறப்பது ஒன்பதுக்கு. ஆனாலும் தம் வண்டி தாமின்றித் தெருவைக் கடப்பதைப் பொறுக்க மாட்டாமல், நூலகர் ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டார். மூடிய படிக்கட்டில் ஒருமணி நேரம் காத்திருக்கவும் சித்தமானார். ஏறியதும் ஆத்திரம் பொங்கியது.

"எல்லாம் உன் வேலை! எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத! இது யாரு வண்டி? சொல்லு, யாரு வண்டி?"

"உங்க வண்டிதாங்க, யார் இல்லைன்னா?" என்றார் அம்மையார், கண்ணாடியைத் தம் உயரத்துக்குத் திருத்தியபடி. "பின்னாடி ஆடாம மட்டும் உக்காருங்க. உங்க எடையை இது இன்னும் படிக்கல."