அரை நிமிசம் பிந்திய குலவை

எனக்கு எழுபத்து நாலு வயசு. பெற்று வளர்த்தது ஆறு. ஆறு பேர் கல்யாணத்திலும் தாலி ஏறும்போது முதல் குலவை என்னுடையதுதான். நான் நாக்கைச் சுழற்றினால் சங்கரன்கோவில் கோபுரத்துப் புறா எல்லாம் பறக்கும். (நானே சொல்லக்கூடாது. வேறு யாரும் சொல்லாததால் சொல்லுகிறேன்.)

மூத்த மகனின் பையனுக்குச் சிங்கப்பூரில் கல்யாணம். எனக்கோ முழங்கால் ஆபரேசன் முடிந்த நேரம். பிளேன் ஏற வழியில்லை. "என் குலவை இல்லாம இந்தக் குடும்பத்துல தாலி ஏறினதில்ல" என்று பட்டினி கிடந்தேன். (இட்லி மட்டும் சாப்பிட்டேன்.)

பேத்தி கவிதா ஒரு வழி கண்டுபிடித்தாள். கல்யாணம் நம் வீட்டு டிவியில் நேரலையாக வரும். மகன் தன் போனை மண்டபத்து மைக் பக்கத்தில் வைப்பான். டிவியைப் பார்த்து நான் போனில் குலவை போட்டால், அங்கே மண்டபம் முழுக்கக் கேட்கும்.

பெருமை தாங்காமல் தெருவையே கூப்பிட்டுவிட்டேன். படம் ஆரம்பித்ததும் மாப்பிள்ளை முகம் கட்டம் கட்டமாகப் போனது.

"என்ன மதினி, மாப்பிள்ளைக்கு மூக்கைக் காணோம்?" என்றாள் என் நாத்தனார் பேச்சியம்மா.

"ஏட்டி கவிதா, தெளிவாக்கு!"

"தெளிவைக் கூட்டினா படம் நின்னு நின்னு வரும் ஆச்சி. பிந்திரும்."

"பிந்தினா பிந்திட்டுப் போகுது. எனக்கு மூக்கு வேணும்."

மூக்கு வந்தது. கூடவே நடுவில் ஒரு வட்டமும் வந்து சுற்றோ சுற்று என்று சுற்றியது. பிறகு பார்த்தால், மேளம் முதலில் போனில் கேட்கிறது; அதே மேளம் ஆற அமர டிவியில் கேட்கிறது.

"இந்தப் போன் என்னட்டி, முந்திரிக்கொட்டை மாதிரி? அதுல வார சத்தத்தை நிப்பாட்டு."

"ஆச்சி, போன்தான் சரி. டிவிதான் பின்னால வருது."

"இத்தாம் பெரிய டிவி பொய் சொல்லும், உள்ளங்கை அளவு போன் நெசம் சொல்லுமாக்கும்!"

நிப்பாட்டினாள்.

டிவியில் பேரன் தாலி முடிச்சுப் போட்டான். அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டேன் பாருங்கள், ஒரே மூச்சு! பேச்சியம்மாவே வாயைப் பிளந்தாள். மனசு குளிர்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து நிமிர்ந்தேன்.

டிவியில் பெண்ணின் அம்மா ஆரத்தித் தட்டோடு மேடை ஏறினார்கள். சேலை காலில் சிக்கியது. ஆரத்தி என் மகன் வேட்டியில், சம்பந்தியம்மா தரையில். மண்டபமே மூச்சடைத்து நின்றது. அந்த அமைதியில் மைக்கில் கிளம்பியது ஒரு குலவை. என்னுடையது.

அதுவரை மக்கர் பண்ணிய படம் அப்போது கண்ணாடி மாதிரி. சம்பந்தியம்மா கிடந்தபடியே மைக்கை முறைத்த முறைப்பில் கண் மை கூடத் தெரிந்தது.

"இப்பதான் மதினி, சத்தம் சுத்தமா கேக்கு" என்றாள் பேச்சியம்மா.

டிவியிலேயே மகன் போனைக் கையில் எடுத்துக் கத்தினான்: "எம்மா! விழுந்தவங்களுக்குமா குலவை?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் டம்ளர் கீழே விழுந்தால் யாராவது குலவை போடுவார்கள். போன பொங்கலுக்கு எல்லாரும் வந்தபோது சம்பந்தியம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாத்தான் வாரேன். அவசரப்பட்டு ஆரம்பிச்சிராதீங்க" என்றார்கள். பேரனையும் அவன் பெண்டாட்டியையும் எதிரே நிறுத்தி, டிவி இல்லாமல், நேருக்கு நேராக ஒன்று போட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். நான் சொல்ல எழுதினது கவிதா. சரிட்டி, எழுதினதை வாசி, கேப்போம். சொன்னது சொன்னபடி இருக்கணும்.

ஏட்டி, இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள ஏன் சிரிக்கே?