பூட்டுக்காரருக்கு மட்டும் திறந்த கதவு

எந்த அலுவலகத்திலும் ஒரு பூட்டுக்காரர் இருப்பார். உங்கள் அலுவலகத்தில் இல்லை என்கிறீர்களா? இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

நம் பூட்டுக்காரர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸைக் கட்டிக் காக்கிறவர். ஒரு நோயாளிக்கு ஒரு வரி; யார் யாருடைய விவரத்தைப் பார்க்கலாம் என்று வரிக்கு வரி காவல் போட்டவர். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? நோயாளியின் அந்தரங்கம் கண்டவர் வாயில் விழக்கூடாதே. ஆனால் மனுஷர் சரியான சந்தேகப் பிராணி. நர்ஸ் ஒரு பெயரைத் தட்டினால், கம்ப்யூட்டர் இண்டெக்ஸ் என்ற பெயர் அட்டவணையைப் பிடித்து நேரே அந்தப் பெயருக்குப் போய், அந்த ஒரு வரிக்கு மட்டும் அனுமதி கேட்டிருக்கலாம். கூடாதாம். ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து வந்துபோன அத்தனை பேருடைய வரியிலும் "இதை இந்த அம்மா பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் பெயரையே பார்க்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ஏதாவது கசிந்துவிடுமாம். குறுக்கு வழி தெரிந்த கம்ப்யூட்டர் பாவம், கையைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றியது.

விவரம் வருவதற்குள் விடிந்துவிடுகிறது என்று அவசரப் பிரிவு நர்ஸ் புகார் சொன்னார். பூட்டுக்காரர் வந்தார், தன் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே போனார், தட்டினார். விவரம் பட்டென்று வந்து நின்றது. வராமல் என்ன செய்யும்? டேட்டாபேஸுக்கு முதலாளி அவர். அவர் போட்ட காவல் அவரை மட்டும் ஒரு வார்த்தை கேட்காது. அது அவருக்கே மறந்துபோயிருந்தது. இந்தக் காலத்து நர்ஸுகளுக்குப் பொறுமை போதாது என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

ஒரு மதியம் அவர் மனைவியையே மூச்சுத் திணறலோடு அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏதோ ஒரு மருந்து அந்த அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. எந்த மருந்து? ஊரார் ரகசியத்தையெல்லாம் காத்த மனுஷருக்கு அது தெரியவில்லை. டாக்டர் ஊசியும் கையுமாக நிற்கிறார், நர்ஸ் பெயரைத் தட்டுகிறார், திரை சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. கூடவே நின்ற நம்மவருக்கு உயிரே போய்விட்டது.

"தள்ளுங்க, என் பேர்ல போறேன்" என்று பாய்ந்தார். பட்டென்று வந்தது. டாக்டர் ஊசியை மாற்றினார், அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

நர்ஸ் கோபப்படவில்லை. "உங்க வீட்டம்மாவுக்கு நீங்க இருந்தீங்க சார். பக்கத்துக் கட்டில்ல இருக்கறவருக்கு யார் இருக்கா?"

அன்றைக்குத்தான் மனுஷர் முதல் தடவையாக நர்ஸின் பெயரில் உட்கார்ந்து தட்டிப் பார்த்தார். திரை சுற்றி முடிவதற்குள் எழுந்து போய்க் காவலைத் திருத்த ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சாப்பாட்டு மேஜையில் யாரும் போனைத் தொடக்கூடாது என்று உங்கள் வீட்டில் சட்டம் போட்டது யார்? நேற்று "இது ஆபீஸ் விஷயம்" என்று எடுத்துப் பேசியது யார்? உங்கள் மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.