கிண்ணம் வெறுமனே திரும்பக் கூடாது

ராயப்பேட்டை, சென்னை
20 ஆகஸ்டு 1939

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வஜீஹா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் உம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சிங்கப்பூர் மழை தங்களையும் அப்படியே வைத்திருக்க துஆச் செய்கிறோம்.

தாங்கள் அனுப்பிய உலக அரசியல் புத்தகம் வந்து சேர்ந்தது. ஏழாவது அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே இருக்கிற சின்ன நாடு எப்படிப் பிழைக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது. ஒருவன் விழுங்க வந்தால் மற்றவன் விடமாட்டானாம். அந்தப் போட்டி இருக்கும்வரை சின்ன நாட்டுக்கு ஆயுசு கெட்டியாம். மாமா, இதை எழுதிய வெள்ளைக்காரர் நம் தெருவுக்கு எப்போது வந்து போனார்?

தாங்கள் ஊரைவிட்டுப் போய் ஒன்பது வருஷமாகிறது. ஆகவே தேசப்படம் போட்டுக் காட்டுகிறேன். நம் வீட்டுக்குக் கிழக்கே தங்கள் அக்கா, என் ஜமீலுன்னிசா பெரியம்மா. மேற்கே வாப்பாவின் அக்கா, ஷம்ஷாத் குப்பி. நடுவில் நான், பி.ஏ. முதல் வருஷம். பெரியம்மா எனக்குப் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை தோல் மண்டி கலீமுல்லா. குப்பி பார்த்திருப்பது அத்தர்க்கடை ஷரீஃப். யார் ஜெயித்தாலும் என் காலேஜ் அன்றோடு சரி. இருவரும் ஜெயிக்காததால்தான் நான் படித்துக்கொண்டிருக்கிறேன். இதை நான் என் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். ஐரோப்பாவில் இதற்குச் சாஸ்திரமே இருக்கிறது என்று தெரிந்ததும் மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஆயுதப் போட்டியும் அப்படியேதான். பண்டம் வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது நம் தெருச் சட்டம். பெரியம்மா சேமியா அனுப்பினால் உம்மா அதே கிண்ணத்தில் வாழைப்பழமாவது வைத்து அனுப்புவாள். மீன் கூடையோடு மூன்று வீட்டுக்கும் வரும் தேசம்மா, சேமியாவில் எத்தனை முந்திரி என்பதுவரை குப்பியிடம் சொல்லிவிடுவாள். மறுநாள் மேற்கிலிருந்து ரவையில் செய்த தம்ரூட் வரும். அதற்குப் பதில் கிழக்கிலிருந்து பிரியாணி வரும், கிண்ணத்தில் அல்ல, பெரிய தேக்சாப் பாத்திரத்தில். தேசங்கள் யுத்தக் கப்பல் கட்டுவதைப் படித்தபோது எனக்கு மசாலா வாசனை அடித்தது. வாப்பாதான் எங்கள் சர்வதேச சங்கம். இரண்டு பக்க முறையீட்டையும் பொறுமையாகக் கேட்டு, "பார்க்கலாம்" என்று ஒரே தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்.

போன திங்கட்கிழமைதான் ஆபத்து வந்தது. குப்பியின் பூப்போட்ட கிண்ணத்தைத் திருப்ப வேண்டும், அதில் எதையாவது போட்டுக் கொடுடி என்று உம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். நான் ஒரு கையில் ஏழாவது அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அலமாரியில் இருந்த அல்வாவை அள்ளிப் போட்டு அனுப்பிவிட்டேன். அது அன்று காலைதான் பெரியம்மா வீட்டிலிருந்து வந்த அல்வா. ஜாதிக்காய் போட்டு அல்வா கிண்டுவது இந்தத் தெருவில் பெரியம்மா ஒருத்திதான் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும், மாமா, புத்தகம் படிக்கிற எனக்குத்தான் தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் குப்பி துப்பட்டியைக்கூடச் சரியாகப் போர்த்தாமல் வந்து நின்றாள்.

"ஏன்டி, அவ அல்வாவை என் கிண்ணத்துலயே போட்டு எனக்கே அனுப்புறியா? நான் தோத்துட்டேன்னு சொல்லாமச் சொல்றியா?"

பின்னாலேயே தேசம்மா. "இன்னாம்மா, உன் பெரிம்மா அல்வா அந்தாண்ட வூட்ல கீதாமே? அந்தம்மா கேட்டுக்கினு அப்டியே குந்திட்ச்சு!"

பெரியம்மா குந்தியிருக்கவில்லை, வந்துகொண்டிருந்தாள். "நான் கை நோகக் கிண்டினது அவ நாக்குக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் காலேஜ் போகும் திரை போட்ட ஜட்கா அவர்கள் வீட்டுடையது என்பதால் இனி வராது என்று அறிவித்தாள். என் காலேஜ் முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் குப்பி வீட்டு வண்டி நின்றது! பட்டுத் திரை, குதிரைக்குத் தலையில் குஞ்சம். அல்ஹம்துலில்லாஹ், ஏழாவது அத்தியாயம் வரிக்கு வரி உண்மை.

இப்போது இருவரும் வாப்பாவை முடிவு கேட்கிறார்கள். அவர், "உன் மாமா என்ன எழுதுறாரோ அப்படியே செஞ்சிடலாம்" என்று சொல்லிவிட்டார். ஆகவே மாமா, இந்தப் பிராந்தியத்தில் எந்தப் பக்கமும் சேராதவர் தாங்கள் ஒருவரே. பி.ஏ. முடியும்வரை எந்தப் பேச்சும் வேண்டாம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். எனக்கு அது போதும்.

தங்கள் ரிஸ்கில், சம்பாத்தியத்தில் பரக்கத்தும் உடம்பில் தெம்பும் நிறைய வேண்டும் என்று உம்மா சொல்லச் சொன்னாள்.

பணிவுள்ள மருமகள்,
வஜீஹா

பின்குறிப்பு, 25 ஆகஸ்டு: தபாலில் போடுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஜெர்மனியும் ருஷ்யாவும் ஒப்பந்தம் செய்துகொண்டதாகப் பேப்பரில் படித்தேன். மத்தியானம் குப்பியின் தேக்சாவில் பெரியம்மாவின் பிரியாணி வந்தது, இருவருமே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த அல்வாவை ரகசியமாகத் தின்று தீர்த்த குப்பி, பக்குவம் கேட்கக் கிழக்கே போனாளாம். பேச்சு வாக்கில்தான், தாங்கள் போன மாதமே இருவருக்கும் தனித்தனியாக ஒரே கடிதம் எழுதியிருந்தது வெளியாகியிருக்கிறது: எனக்கு மாப்பிள்ளை தங்கள் ஆபீஸ் பீர் முஹம்மதுவாம், இப்போது இருவருக்கும் அதில் சம்மதமாம்!

மாமா, நான் கிழக்கையும் மேற்கையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலுக்கு அப்பால், சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு வல்லரசு புத்தகம் அனுப்பிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. தங்களுக்கு ஒரு பெரிய ஸலாம்.

புத்தகத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வெறுமனே அனுப்பக் கூடாதல்லவா? ஏழாவது அத்தியாயத்தில் என் நிபந்தனை இருக்கிறது, ஒன்றே ஒன்று: நிக்காஹ் பி.ஏ. பரீட்சைக்குப் பிறகு. புத்தகத்தைப் பீர் முஹம்மதுவிடம் கொடுத்து, நம் தெருச் சட்டத்தையும் சொல்லுங்கள். புத்தகம் அவர் கையெழுத்தோடு வந்தால் பேசலாம். வெறுமனே வந்தால், குப்பியின் குதிரை வாசலில் தயாராக நிற்கிறது. நான் காலேஜுக்குப் போய்க்கொண்டே இருப்பேன்.