அரை டீ சார்

டீயைப் பாதியில் வைத்தே அரியலூரில் பேர் வாங்கிய ஒரே மனிதர் அரை டீ சார்தான். நிஜப் பெயர் அவர் அடையாள அட்டையில் இருந்தது, யாரும் படித்ததில்லை.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் புது வெடிமருந்து எப்படி வேலை செய்கிறது என்று சோதிக்க வந்த ஆராய்ச்சிக்காரர். நான் அவருடைய ஜீப் டிரைவர். உடைந்த கல்லை மற்றவர்கள் லோடு கணக்கில் பார்ப்பார்கள். இவர் ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, "இவன் ரொம்பக் குண்டு. மருந்து சோம்பேறித்தனம் பண்ணியிருக்கு" என்பார்.

சுரங்க வாசலில், வெடி எட்டாத தூரத்தில் செல்வியக்கா கடை. குழியில் மருந்து போடக் கிளம்பும் முன் பாதி டீ குடிப்பார். மீதியை நோட்டால் மூடி, "வந்து குடிக்கிறேன்" என்பார். வெடித்து முடிந்த பிறகுதான் மீதி. ஒரு கல்யாணத்தில் காபியைக்கூடப் பாதியில் மூடி வைத்து, தாலி கட்டியதும் வந்து குடித்தார்.

"ஈக்கு ஊத்தவா சார் நான் கடை வெச்சிருக்கேன்?" என்று அக்கா தினமும் பொரிந்து தள்ளுவார்.

அன்று பத்துக் குழி. சங்கு ஊதியது, தரை அதிர்ந்தது. கடையோரம் நின்றிருந்த சார், அதிர்வை எண்ணும் கருவியைப் பார்த்தார்.

"ஒம்போதுதான் வெடிச்சிருக்கு."

ஒரு குழி மருந்தோடு உள்ளே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். அரை மணி நேரம் யாரும் நெருங்கக் கூடாது. அப்புறமும் லைசன்ஸ் உள்ளவர் மட்டுமே போகலாம். லைசன்ஸ் இவரிடம்தான்.

நேரம் ஆனதும் எழுந்தார்.

"நானும் வரேன் சார்."

"வந்து? ஹாரன் அடிக்கப்போறியா? டீயைப் பாத்துக்க."

அவர் தொப்பி சரிவில் இறங்கி மறைந்தது. தூரத்தில் ஜெயங்கொண்டம் பஸ் ஹாரன் அடித்ததற்கே எனக்கு உயிர் போய் வந்தது. பெஞ்சில் உட்கார வந்த ஒரு லாரிக்காரர், அந்த டம்ளரை எடுத்துக் கொட்டப் போனார்.

"யோவ், வைய்யா அதை!"

கத்தியது நானல்ல, செல்வியக்கா. அதுவரை அந்த டம்ளரைச் சுற்றி அட்டையால் விசிறி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகத் தொப்பி மேலேறி வந்தது.

"ஒயர் அறுந்திருக்கு. காவல் போட்டாச்சு. இருட்டப்போவுது, காலைல நான்தான் எடுக்கணும்" என்றபடி நோட்டை நீக்கி, ஆடை படிந்த டீயை ஒரே மூச்சில் காலி செய்தார்.

காலி டம்ளரைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது. சூடாக இன்னொன்று போட்டு வந்து வைத்தார்.

"பாதி குடிச்சிட்டு வெச்சிட்டுப் போங்க சார்."

"விடியறதுக்குள்ள கெட்டுப்போயிடுமே செல்வி."

"கெடட்டும். டம்ளரைக் கழுவுறவ நான்தான? நீங்க வாங்க."