அக்கா மகனின் இசைக்குழுவை நான் கலைத்த விதம்

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். அங்கே நீயும் அத்தானும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முதுகுவலியை மட்டும் இந்த நம்பிக்கையில் சேர்க்கவில்லை. அது யார் பேச்சுக்கும் கட்டுப்பட்டதில்லை. போனில் சொன்னால் பாதியில் நீ பேச ஆரம்பித்துவிடுவாய் என்பதால் எல்லாவற்றையும் கடிதமாகவே எழுதுகிறேன்.

இன்ஜினியரிங் முடித்த பிள்ளை கிளாரினெட்டைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான், புதன்கிழமை இன்டர்வியூவுக்காவது போவானா என்று நீ கவலைப்பட்டிருந்தாய். கவலையை விடு. உன் பிள்ளையை என் வீட்டில் விட்டுப் போகும்போது, அவனை அந்தக் குழுவிலிருந்து பிரித்து உத்தியோகத்தில் உட்கார வைப்பது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன் அல்லவா? பஸ் டிப்போவில் காலமெல்லாம் டைம் கீப்பராக இருந்தவன் நான். என் விசில் இல்லாமல் ஒரு வண்டி நகர்ந்ததில்லை. அத்தனை டிரைவர்களையும் அடக்கியவனுக்கு ஒரு கிளாரினெட் எம்மாத்திரம்?

முதலில் எதிரியின் பலத்தைத் தெரிந்துகொண்டேன். இவர்கள் வாசிப்பதில் கிளெஸ்மர் என்று ஒன்று இருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவில் யூதர்கள் தங்கள் கல்யாணங்களில் வாசித்த சங்கீதம். கல்யாணச் சங்கீதம்தானே என்று நினைத்துவிடாதே. அதில் கிளாரினெட் விக்கி விக்கி அழும், அழுதுகொண்டிருக்கும்போதே களுக்கென்று சிரிக்கும். ஃபிளமெங்கோ என்று இன்னொன்று. அது ஸ்பெயின் தேசத்து ஜிப்சிகளுடையது. கிட்டார், கைதட்டல், காலால் தரையைத் துவைத்தல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழைத்து, மேலே அரபுப் பாட்டு, ஆப்பிரிக்கத் தாளம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தூவுகிறார்கள். கிட்டார் வாசிப்பவர் ஒரு பல் டாக்டர். கம்பியை மீட்டுவதற்காக வலது கையில் நீள நகம் வளர்த்திருக்கிறார்; நோயாளிகள் முதலில் அந்தக் கையைப் பார்க்கிறார்கள், பிறகு வாயைத் திறப்பதில்லை. தரையைத் துவைப்பவர் ஒரு கணக்கு டீச்சர். தாளத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவர் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே தட்டுகிறார். நாலாவது ஆள் உன் பிள்ளை.

வெளியே போய்க் கெடுவதைவிட என் கண் முன்னாலேயே கெடட்டும் என்று, ஒத்திகையை நம் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பெருந்தன்மை என்று நினைத்து அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் திட்டம் வேறு. டிப்போ மாதிரி சட்டம் போட்டு ஆளைப் படுத்தினால் குழு தானாகவே கலைந்துவிடும் என்பது என் கணக்கு. விசில் ஊதினால் ஆரம்பிக்க வேண்டும், ஊதினால் நிறுத்த வேண்டும், தாமதமாக வருகிறவர் மாடிப்படியில் நிற்க வேண்டும் என்றேன். என்ன ஆயிற்று தெரியுமா? இதற்கு முன் அவர்கள் ஒருநாளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடியதே இல்லையாம். முதல் வாரத்திலேயே ஒரு பாட்டை முதன்முறையாக முழுசாக முடித்துவிட்டார்கள். மெக்கானிக் கண்கலங்க, "சார், இந்தப் பாட்டுக்கு ஒரு முடிவு இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். நான் அசரவில்லை.

அடுத்து சிண்டு முடிந்தேன். டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர் காலுக்கு உங்க கை ஈடு கொடுக்கலைன்னு பேச்சு அடிபடுது" என்றேன். டீச்சரிடம் போய், "டாக்டர் உங்களுக்காக இரக்கப்பட்டுத்தான் மெதுவா வாசிக்கிறாராமே" என்றேன். அன்றைக்குக் கிட்டாருக்கும் காலுக்கும் நடந்த சண்டை இருக்கிறதே, ஷோகேஸில் இருந்த என் ஓய்வுபெற்ற நாள் பரிசுக் கடிகாரம் கீழே விழுந்து நின்றுபோனது. ஆனால் சண்டை முடிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டு, இதைக் கச்சேரியில் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். இத்தனைக்கும் அந்த ஃபிளமெங்கோவில் பன்னிரண்டு தட்டு. எண்ணிக்கையைப் பன்னிரண்டாவது தட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கடைசி பஸ்ஸை முதலில் விடுகிற டிப்போ உண்டா அக்கா? நான் எண்ணிப் பார்த்தேன், தப்பு இருக்கிறது என்று நிரூபிக்க மறுபடியும் எண்ணினேன், இப்போது காய்கறி நறுக்கும்போதும் கை அப்படித்தான் நறுக்குகிறது என்று வீட்டுக்காரி புகார் சொல்கிறாள்.

மிச்சமிருந்த அஸ்திரம் கீழ் வீட்டு நர்ஸ். இரவு டியூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவர். "சத்தம் தாங்கலைன்னா தயங்காம மேல வந்து சத்தம் போடுங்கம்மா" என்று நானே போய்த் தூபம் போட்டேன். சொன்ன மாதிரியே வந்தார், அவிழ்ந்த தலையோடு.

"மேல யாரையோ உதைக்கிறீங்க, ஒருத்தர் அழறார், மத்தவங்க கை தட்டறீங்க. இது என்ன வீடு சார்?" என்று கேட்டார். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். உன் பிள்ளை எழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, "அழுதது இதுதாங்க" என்று கிளாரினெட்டைக் காட்டி, கொஞ்சம் வாசித்தான். நர்ஸம்மா அப்படியே சோபாவில் உட்கார்ந்தார். "வார்டுல எத்தனையோ அழுகை கேட்டிருக்கேன். இது வலி இல்ல, வேற என்னவோ" என்றார். இப்போது கைதட்டும் கோஷ்டியில் அவர்தான் முதல். தூங்க வேண்டியவர் தூங்காமல் வருகிறாரே என்று நான்தான் அவருக்காகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

நேற்று நூலகத்து அரங்கில் கச்சேரி. இது ஊற்றிக்கொண்டால் குழுவின் கதை முடிந்தது என்று நம்பிக்கையோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். கடைசிப் பாட்டு மெதுவாகப் புறப்பட்டு, போகப் போக வேகம் பிடிக்கிற கிளெஸ்மர் வகை. வேகம் ஏறியது, இன்னும் ஏறியது, பிரேக் இல்லாத வண்டி சரிவில் இறங்குகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. பழக்கதோஷம் அக்கா, என்னை அறியாமல் எழுந்து, சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து ஒரே ஊதாக ஊதிவிட்டேன். நம் வீட்டுப் பழக்கத்தில் அவர்களும் பட்டென்று நிறுத்திவிட்டார்கள். வாக்கு நிறைவேறிவிட்டது, குழு தீர்ந்தது என்று நினைத்தேன். அப்போது உன் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, தனியாக, அடிக்குரலில் ஆரம்பித்தான்.

கல்யாணமாகி நீ புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய அன்று ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, நான் செருப்பை மாற்றிப் போட்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சத்தம். அதே சத்தம் அவன் குழலிலிருந்து வந்தது. அவனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது? விசிலை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. விசில் முன்கூட்டியே ஏற்பாடு செய்த உத்தி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்களாம். அடுத்த கச்சேரிகளுக்கும் விசில்காரர் கட்டாயம் வர வேண்டும் என்கிறார்கள். போவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அதனால் நீ மனம் தளராதே. புதன்கிழமை நானே அவனைக் கையோடு கூட்டிப்போய் இன்டர்வியூ அறை வாசலில் விடுகிறேன். உள்ளே போனால் வேலை நிச்சயம். உன் பிள்ளை மூளைக்காரன். வேலை வந்தால் கிளாரினெட் தானாக ஒழியும். என் பாச்சா பலிக்காமல் போனதாகச் சரித்திரமே இல்லை.

அத்தானுக்கு என் வணக்கத்தையும், அவர் முதுகுக்கு என் வேண்டுகோளையும் சேர்ப்பிக்கவும். வீட்டுக்காரி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். உன் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
வாக்குத் தவறாத உன் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்ததும் நல்லதாகப் போயிற்று. இன்று வெள்ளிக்கிழமை. அவன் இன்டர்வியூவுக்குப் போனான். அங்கேயே எடுத்துக்கொண்டார்களாம். வேறு ஊரில் வேலை, முதல் தேதி சேர வேண்டும். காலையில் ரயிலேறிவிட்டான், இது வந்து சேரும்போது உன் வீட்டில்தான் இருப்பான். கிளம்பும்போது கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்து என்னிடம் நீட்டினான். "நீங்க சொன்னதுதான் மாமா சரி. இது இங்கேயே இருக்கட்டும், அங்க பார்த்தா அம்மா வருத்தப்படுவாங்க" என்றான். நான் சொன்னதுதான் சரி என்று இவனை யார் சொல்லச் சொன்னது? வந்த நாளிலிருந்து மூச்சுக்கு மூச்சு வேலை வேலை என்று ஓதிவிட்டு, வேண்டாம்டா என்று நான் எந்த முகத்தோடு சொல்ல முடியும்? பெட்டியை இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அவனை உன் எதிரில் உட்கார வைத்து ஒரே ஒரு தடவை வாசிக்கச் சொல். கேட்ட பிறகும் அவனை அந்த வேலைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால் அனுப்பிவிடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். டாக்டரும் டீச்சரும் மெக்கானிக்கும் சாயங்காலம் சரியான நேரத்துக்கு வந்தார்கள். வழக்கம்போல விசில் ஊதினேன். எல்லோரும் அவன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். இன்னொரு தடவை ஊதிப் பார்த்தேன். அழுவதற்கு ஆள் இல்லை அக்கா.